50 பாயிண்டுக்கு எத்தனை ஷாட்? கூடைப்பந்து ஸ்கோரர் கணக்கு: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கூடைப்பந்து ஆடுகிறவர்களும், விடியற்காலையில் எழுந்து என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிறவர்களும் கேட்டவை. புள்ளிவிவரத்தை வைத்து நல்ல ஸ்கோரரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

பாம்பன், கல்லூரி மாணவர்: அண்ணே, எங்க டீம்ல ஒருத்தன் போன மேட்ச்ல 24 பாயிண்ட், இன்னொருத்தன் 18. கோச் 18 எடுத்தவனத்தான் நல்ல ஸ்கோரர்ங்கிறார். எப்படின்னே?

எத்தனை கூடை மீன் இறங்கியது என்று மட்டும் பார்த்து எந்தச் சம்மாட்டியும் (படகு முதலாளி) கணக்கை முடிப்பதில்லை தம்பி. டீசலும் ஐஸும் கழித்த பிறகுதான் பங்கு. இங்கே டீசல் என்பது ஷாட். நீங்கள் அனுப்பிய கணக்கில் 24 எடுத்தவர் 26 ஷாட் போட்டு, 4 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கோட்டில் நின்று தடையில்லாமல் எறிவது, விழுந்தால் ஒரு பாயிண்ட்) எறிந்திருக்கிறார். 18 எடுத்தவருக்கு 11 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ.

இதற்கு ட்ரூ ஷூட்டிங் என்று ஒரு கணக்கு உண்டு. ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44-ஆல் பெருக்கி ஷாட் எண்ணிக்கையோடு கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்கி, வருவதைக் கொண்டு பாயிண்டை வகுங்கள். முதல் ஆளுக்கு 24-ஐ 55.52-ஆல் வகுத்தால் 43.2 சதவீதம். இரண்டாவது ஆளுக்கு 18-ஐ 27.28-ஆல் வகுத்தால் 66 சதவீதம். முதல் ஆள் கையில் பந்து போனால் ஒரு முயற்சிக்கு 0.86 பாயிண்ட், இரண்டாவது ஆளிடம் 1.32. கோச் சொன்னது சரி. ஆனால் அந்த 11 ஷாட்காரரை 26 ஷாட் போடச் சொன்னால் 66 சதவீதம் நிற்காது. தோதான பந்தை மட்டும் போடுகிறவருக்கு விகிதம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

தொண்டி: அதென்ன 0.44? 0.5 தானே வரணும், ரெண்டு ஃப்ரீ த்ரோ ஒரு முயற்சின்னா?

எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக வருவதில்லை. கூடை விழுந்து கூடவே ஃபவுலும் கிடைத்தால் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. அந்த முயற்சி ஏற்கெனவே ஷாட் கணக்கில் ஏறிவிட்டது. த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்) போடும்போது ஃபவுல் என்றால் மூன்று. டெக்னிக்கல் ஃபவுலுக்கு வருவது தனி. இதையெல்லாம் சராசரியாக்கி என்பிஏ-வுக்கு எடுத்துக்கொண்ட எண்தான் 0.44. உங்கள் ஊர் ஆட்டத்தை நீங்களே குறிக்கிறீர்கள் என்றால் அந்தச் சராசரி எதற்கு? கூடை விழாமல், ஃபவுலால் மட்டும் கோட்டுக்குப் போன தடவைகளை நேரே எண்ணி ஷாட்டோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கீழக்கரை: காக்கா, வில்ட் சேம்பர்லின் ஒரு சீசன் முழுக்க மேட்சுக்கு 50.4 எடுத்திருக்காரு. ஜேம்ஸ் ஹார்டன் 36.1 தான். அப்புறம் பேச என்ன இருக்கு?

நிறைய இருக்கு. 1961-62 சீசனில் சேம்பர்லின் 80 ஆட்டத்தில் 4,029 பாயிண்ட் எடுத்தார். ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் களத்தில் நின்றார். ஆட்டமே 48 நிமிடம்தான். அரை நிமிடம் கூடுவது ஓவர்டைமால். ஹார்டன் 2018-19-இல் நின்றது 36.8 நிமிடம். இருவரையும் 36 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் சேம்பர்லினுக்கு 37.4, ஹார்டனுக்கு 35.3. 14 பாயிண்ட் வித்தியாசம் இரண்டாகிவிட்டது.

அடுத்தது வேகம். 1961-62-இல் ஓர் அணி ஆட்டத்துக்கு 107.7 ஷாட் போட்டது. 2018-19-இல் சுமார் 89. அந்த விகிதத்தில் குறைத்தால் சேம்பர்லின் தோராயமாக 31-க்கு வந்துவிடுவார். தோராயம்தான், டர்ன்ஓவரை (பந்தை எதிரணியிடம் இழப்பதை) என்பிஏ அப்போது குறிக்கவே இல்லை என்பதால் அந்தக் கால வேகத்தைத் துல்லியமாகப் பிடிக்க வழியில்லை.

சேம்பர்லின் ரசிகர்கள் இத்தோடு கோபப்பட வேண்டாம். அவருடைய ட்ரூ ஷூட்டிங் 53.6, அந்த ஆண்டு லீக் சராசரி 47.9. ஹார்டனுடையது 61.6, லீக் சராசரி 56. சராசரிக்கு மேல் ஒருவர் 5.7, மற்றவர் 5.6. கிட்டத்தட்ட சமம். 61.6 பெரிது, 53.6 சிறிது என்று நேராக ஒப்பிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. அப்போது த்ரீ பாயிண்ட் கோடே கிடையாது, அது 1979-80-இல்தான் வந்தது. நிமிடக் கணக்கிலும் ஒரு நியாயம் உண்டு: 48 நிமிடமும் சளைக்காமல் ஓடுவதே ஒரு திறமை, அதை வகுத்துத் தள்ளிவிடுகிறோம்.

அளவு, விகிதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு 2015-16 ஸ்டெஃபன் கரிக்குத்தான். ஆட்டத்துக்கு 30.1 பாயிண்ட், 34.2 நிமிடத்தில். 402 த்ரீ. ட்ரூ ஷூட்டிங் 66.9, லீக் சராசரி 54.1.

ராமநாதபுரம்: ஒரே மேட்ச்ல சேம்பர்லின் எடுத்த 100 பெருசா, கோபி பிரையண்ட் எடுத்த 81 பெருசா?

1962 மார்ச் 2-இல் சேம்பர்லின் 63 ஷாட்டில் 36, 32 ஃப்ரீ த்ரோவில் 28. ட்ரூ ஷூட்டிங் 64.9. 2006 ஜனவரி 22-இல் கோபி பிரையண்ட் 46 ஷாட்டில் 28 (அதில் 7 த்ரீ), 20 ஃப்ரீ த்ரோவில் 18. 73.9. ஷாட்டுக்கு ஷாட் கோபிதான்.

இதைவிட ருசியான நாள் 1978 ஏப்ரல் 9. சீசனின் கடைசி நாள், ஸ்கோரிங் பட்டத்துக்குப் போட்டி. டேவிட் தாம்சன் 38 ஷாட்டில் 73 எடுத்தார். ஜார்ஜ் கெர்வின் 49 ஷாட் போட்டு 63 எடுத்தார். பட்டம் கெர்வினுக்கு, சீசன் சராசரியில் 27.22-க்கு 27.15. அன்றைய ட்ரூ ஷூட்டிங் தாம்சனுக்கு 78, கெர்வினுக்கு 54.5. பட்டப் பட்டியலை மட்டும் வைத்து ஸ்கோரரை எடைபோடாதீர்கள் என்பது இதனால்தான்.

மண்டபம்: என்பிஏ மொத்த பாயிண்ட்ல லெப்ரான் ஜேம்ஸ்தானே முதல்?

ஆமாம், கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387-ஐ 2023 பிப்ரவரி 7-இல் தாண்டினார். மொத்தம் என்பது நீடித்து ஆடியதற்கான அளவு. ஆட்டச் சராசரியில் மைக்கேல் ஜோர்டன் 30.12, சேம்பர்லின் 30.07, அந்த 0.05-ஐ வைத்துச் சண்டை போட வேண்டாம்.

ஏர்வாடி: ஹார்டன் ஃபவுல் வாங்கி வாங்கியே பாயிண்ட் சேர்த்தாரு. அதெல்லாம் ஸ்கோரிங்கா?

பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2018-19-இல் அவர் ஃப்ரீ த்ரோ 87.9 சதவீதம். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தால் 1.76 பாயிண்ட். அதே சீசனில் லீக்கின் சராசரி த்ரீ 1.07, சராசரி டூ 1.04. கோட்டுக்குப் போவதுதான் களத்தில் கிடைக்கிற விலை உயர்ந்த மீன். நம் ஊர் ஆட்டத்தில் 50 சதவீதம் போடுகிறவருக்கு அதே இரண்டு ஃப்ரீ த்ரோ 1 பாயிண்ட்தான். அவர் ஃபவுல் தேடிப் போவதில் லாபமில்லை.

தேவிபட்டினம், பள்ளி மாணவி: அண்ணா, ஸ்கோர் ஷீட்ல மிஸ் ஆன ஷாட்டே இல்லையே, எப்படிக் கணக்குப் போடுறது?

நல்ல இடத்தில் கை வைத்தாய் தங்கச்சி. ஃபிபா (உலகக் கூடைப்பந்து சம்மேளனம்) ஸ்கோர் ஷீட்டில் விழுந்தது மட்டும்தான் ஏறும்: கூடைக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கரும்புள்ளி, த்ரீ என்றால் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். ஆகவே தனி நோட்டு வேண்டும், இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்ல, மற்றவள் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டும் செய்தால் ஃபாஸ்ட் பிரேக்கில் (வேகமான எதிர்த்தாக்குதலில்) இரண்டு ஷாட் காணாமல் போகும். எண்ணுக்கு நேராக டூ, த்ரீ, ஃப்ரீ த்ரோ என்று மூன்று கட்டம். விழுந்தால் டிக், தவறினால் பெருக்கல் குறி.

தப்பு நடப்பது பெரும்பாலும் ஃபவுலில்தான். ஃபவுல் வாங்கி, பந்தும் விழாவிட்டால் அது ஷாட் கணக்கில் வராது, விழுந்தால் வரும். பிளாக் ஆன ஷாட்டும், ரிம் (கூடை வளையம்) பக்கத்தில் தட்டிவிடுகிற டிப்பும் ஷாட்தான், பலர் விட்டுவிடுகிறார்கள். கால் கோட்டின் மேல் இருந்தால் டூ. ஒவ்வொரு குவார்ட்டர் முடிந்ததும் டிக்குகளைப் பாயிண்டாக்கி ஸ்கோர் ஷீட்டோடு சரிபார். ஆட்டம் முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது.

ராமேஸ்வரம்: அஞ்சு மேட்ச் கணக்கு போதுமா அண்ணே?

த்ரீக்குப் போதாது. 35 சதவீதம் போடுகிற ஒருவருக்கு 20 த்ரீயில் 4 விழுவதும் 10 விழுவதும் சாதாரண ஏற்ற இறக்கம். நல்ல 50 சதவீத ஆட்டக்காரருக்கே 100 ஷாட்டில் 45-ம் வரும் 55-ம் வரும். உங்கள் கோர்ட் திறந்தவெளி என்றால் இன்னொன்றும் செய்யுங்கள்: எந்த ரிம்மில் போட்டார் என்பதையும் குறியுங்கள். கச்சான் காற்று அடிக்கிற சாயங்காலத்தில் தூர ஷாட் ஒரு பக்கம் விலகும், மறுபக்கம் நிற்கும். இரண்டாம் பாதியில் அணிகள் ரிம் மாறுவதால் ஆளுக்கு இரு பக்கமும் கணக்கு கிடைக்கும். ஒரு ரிம்மில் மட்டும் எல்லாருக்குமே த்ரீ குறைந்தால் ஆட்டக்காரரைத் திட்ட வேண்டாம்.