ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளும் முன்: கேட்டவர்களுக்குப் பதில்

ஈரோட்டில் தோல் மருத்துவராக 17 வருடமாக இருக்கிறேன். முகத்தில் குழிந்த இடத்தை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தை முகூர்த்தம் நெருங்குகிறது, அதனால் வந்தவற்றில் பாதிக்கு மேல் கல்யாணப் பெண்களின் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

பெருந்துறை, 26 வயது: தை மாசம் கல்யாணமுங்க டாக்டர். கண்ணுக்குக் கீழே குழி விழுந்து கருப்பா இருக்கு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்ப ஃபில்லர் போட்டுக்கிட்டா போட்டோவுல பளிச்சுன்னு தெரியும்னு சொல்றாங்க. போடலாமுங்களா?

ஒரு வாரம் போதாது அம்மணி. ஊசி போட்ட இடம் வீங்கும், சிலருக்கு ரத்தம் கட்டி ஊதா நிறமாகும். அது முழுதாக வடிய இரண்டு வாரம்கூட ஆகலாம். கூடக்குறைய இருந்தால் சரிசெய்யவும் நாள் வேண்டும். போடுவதாக இருந்தால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே போடுவது நல்லது. குறைந்தது ஒரு மாதமாவது இடைவெளி இருக்கட்டும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் கண்ணாடியோடு உட்கார்ந்து, முகத்தை மெல்ல மேலே தூக்குங்கள். வெளிச்சம் நேராக விழும்போது கருப்பு மறைந்தால் அது குழியின் நிழல், ஃபில்லர் உதவலாம். அப்படியே இருந்தால் அது தோலின் நிறம், ஃபில்லர் போட்டுப் பயனில்லை. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கண்ணுக்குக் கீழே தோல் மிக மெல்லியது. ஜெல் மேலாக நின்றுவிட்டால் தோலுக்கு அடியில் நீலம் பாய்ந்தது போலத் தெரியும், அதை மேக்கப்பால் மறைப்பது சிரமம். அதனால் முதல் தடவை ஊசி போடுபவர் கையில் இந்த இடத்தைக் கொடுக்காதீர்கள். போட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு ஃபேஷியல், முக மசாஜ் வேண்டாம். ஊசி ஓட்டை மூடும்வரை சில நாளைக்கு முகத்தில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதையும் நிறுத்துங்கள்.

தாராபுரம்: போடாக்ஸும் ஃபில்லரும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். நெற்றி, புருவ நடுவில் விழும் சுருக்கத்துக்கு அது, மூன்று நான்கு மாதம் நிற்கும். ஃபில்லர் என்பது குழிந்த இடத்தை நிரப்பும் ஜெல். மருந்தையும் இடத்தையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். உதடு ஓயாமல் அசைவதால் அங்கே சீக்கிரம் கரைந்துவிடும்.

கோபி, 34 வயது: நாங்க சுத்த சைவமுங்க. இது மாட்டுத் தோலுல இருந்து எடுக்கறதுன்னு என் நாத்தனார் சொல்றாங்க. நிஜமா?

உங்கள் நாத்தனார் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1981-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற ஃபில்லர், மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம்தான். சிலருக்கு ஒவ்வாமை வந்ததால், முதலில் கையில் ஒரு சொட்டு போட்டு வாரக்கணக்கில் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கே போவார்கள்.

இன்று பெரும்பாலும் போடுவது ஹயாலுரோனிக் அமிலம். பெயரைக் கேட்டு ஆசிட் என்று பயப்பட வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணுக்குள்ளும் இயற்கையாகவே இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி அது, தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் பிரித்தெடுத்தது 1934-இல், மாட்டுக் கண்ணிலிருந்து. பிற்பாடு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். நம் பக்கத்துச் சேவல்களின் சிவந்த கொண்டை கெட்டியாக, மெத்தென்று இருக்கிறதே, அதற்கு இந்தப் பொருளும் ஒரு காரணம். இப்போது சந்தையில் இருப்பவை பெரும்பாலும் பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து எடுப்பவை. எது என்று மருத்துவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

திருப்பூர், 24 வயது: பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறேன். பார்லர்ல உதட்டுக்கு 6,000 ரூபாய்னு சொல்றாங்க. ஊசியே இல்லாம பேனா மாதிரி ஒண்ணுல அடிக்கறாங்களாம், வலிக்காதாம். டாக்டர்கிட்ட போனா மூணு நாலு மடங்கு ஆகுது. ரெண்டும் ஒரே மருந்துதானே?

கண்ணு, வேலை பார்த்துச் சேர்த்த பணம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன்.

நல்ல கம்பெனி ஜெல் ஒரு மில்லி குழாயை நாங்கள் வாங்கும் விலையே அவர்கள் சொல்லும் தொகையைவிட அதிகம். அப்படியானால் அந்த 6,000 ரூபாய்க்கு உதட்டுக்குள் என்ன போகிறது? ஒரே குழாயை நாலு பேருக்குப் பங்கு வைத்ததாக இருக்கலாம். ஒருவர் ரத்தம் பட்ட குழாய் அடுத்தவருக்குப் போனால் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. தொற்றும் கூடவே போகலாம். இல்லையென்றால் போலி மருந்து. இல்லையென்றால் திரவ சிலிகான். சிலிகான் திசுவுக்குள் ஊறிவிட்டால் கரைக்க வழியில்லை, பல வருடம் கழித்தும் கட்டி கட்டியாகத் திரளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அழகுக்காகச் சிலிகானை ஊசியாகப் போட அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்ததே இல்லை.

அந்தப் பேனா விஷயமும் அப்படித்தான். காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் அடிக்கும் கருவி அது. எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே நிற்கிறது என்பது அடிப்பவர் கையில் இல்லை. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. வெளிப்படையாக எச்சரித்தது.

ஆயத்த ஆடையைச் செக்கிங் செய்கிற கண்ணால் மருந்துப் பெட்டியையும் பாருங்கள். உங்கள் கண் முன்னால் சீல் உடைக்க வேண்டும். பெட்டியில் பேட்ச் எண், காலாவதித் தேதி, வெளிநாட்டு மருந்தானால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். உள்ளே ஒட்டும் லேபிள் இருக்கும். ஒன்றை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேபிள் தர மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி போடுபவர் தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவரா என்று கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருந்தால் அது படிப்பு ஆகாது.

சிங்காநல்லூர், 41 வயது: மூக்குல மேடு பள்ளமா இருக்கறதைச் சரி பண்ண ஃபில்லர் போடலாம்னு இருக்கேன். கண்ணு போயிடும்னு படிச்சேன். உண்மையா, இல்ல பயமுறுத்தறாங்களா?

உண்மைதான். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. நீங்கள் கேட்ட மூக்கும், புருவ நடுவும், நெற்றியும்தான் அதிக ஆபத்தான இடங்கள். அங்கே ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயோடு சேர்ந்தவை. ஊசி முனை தவறி ஒரு குழாய்க்குள் நுழைந்து, அழுத்தமும் கூடிவிட்டால், ஜெல் எதிர்த்திசையில் ஓடி, கண்ணுக்குப் போகும் கிளையில் போய் அடைத்துக்கொள்ளும். ரத்தமில்லாமல் விழித்திரை தாங்குவது ஏறத்தாழ 90 நிமிடம்தான். அதற்குள் சிகிச்சை கொடுத்தும் பலருக்குப் பார்வை திரும்பவில்லை. மூக்கில் ஏற்கெனவே ஆபரேஷன் செய்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். உங்கள் மூக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் என்னிடம் வந்து கேட்டால், மூக்குக்கு ஃபில்லர் போடாமல் இருப்பதைத்தான் முதலில் சொல்வேன்.

கண்ணைவிட அடிக்கடி நடப்பது தோலுக்கு ரத்தம் தடைபடுவது. அதை எல்லோரும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சில வருடம் முன்னால் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வேறு ஊரில் மூக்கோரக் கோட்டுக்கு ஊசி போட்டு மூன்றாம் நாள். அன்றே வலிக்கிறது என்று போன் செய்திருக்கிறாள். அலர்ஜியாக இருக்கும், ஐஸ் வையுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நான் பார்க்கும்போது மூக்கு மடலிலிருந்து மேலுதடு வரை வலை பின்னியது போல ஊதா நிறம், நடுவே பரு மாதிரி சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்கள். விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோலில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். அவளுக்கு நான் ஏழு வரை எண்ணினேன். அன்று மதியத்திலிருந்து இரவு வரை மணிக்கொரு தடவை கரைக்கும் மருந்து போட்டோம். மூக்கு பிழைத்தது. மடலின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அந்தக் கரைக்கும் மருந்தின் பெயர் ஹயாலுரோனிடேஸ். கண் ஆபரேஷனில் மரத்துப்போகும் ஊசியோடு சேர்த்துப் போடுவதற்கும் அதுதான். ஹயாலுரோனிக் அமில ஃபில்லரை மட்டும்தான் அது கரைக்கும், மற்ற வகைகளை ஒன்றும் செய்யாது. முதல் தடவை போட்டுக்கொள்பவர்களுக்கு நான் வேறு வகையைத் தொடாததற்கு அதுவே காரணம். எங்கே போனாலும், "ஹயாலுரோனிடேஸ் இப்போது இங்கே இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். வாங்கிவரச் சொல்லலாம் என்ற பதில் போதாது.

போட்ட பிறகு தோல் வெளுத்தாலும், ஊதாவாக மாறினாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் ஐஸ் வைக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் போட்ட மருத்துவரிடம் உடனே போங்கள். பார்வை மங்கினால், கண் இமை இறங்கினால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு.

பொள்ளாச்சி, 52 வயது: சர்க்கரை இருக்குதுங்க, இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடறேன். வாயோரக் கோடு ரொம்ப ஆழமாயிடுச்சு. போடலாங்களா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் போடலாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இருதய மருத்துவர் வேண்டுமென்றே கொடுத்தது அது. கொஞ்சம் ரத்தம் கட்டினால் கட்டட்டும், அது தானாக ஆறும். பல்லில் சீழ் இருந்தால் முதலில் பல்லைப் பாருங்கள், பல் வேலைக்கும் ஊசிக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

உங்கள் ஊர் தென்னந்தோப்பு ஊர் என்பதால் இன்னொன்று கேட்கிறேன். தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கியது உண்டா? இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த விஷத்திலும் ஹயாலுரோனிடேஸ் இருக்கிறது, அதனால் கரைக்கும் மருந்தும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ராசிபுரம், ஒரு அம்மா: பொண்ணுக்கு 17 வயசு. உதட்டைப் பெருசாக்கணும்னு அழுதுட்டே இருக்கா.

வேண்டாம். எஃப்.டி.ஏ. அனுமதித்திருப்பதே 22 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அவள் முகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஆனால் திட்டாதீர்கள். யாராவது அவள் உதட்டைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேசுவது சிரமமாக இருந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள், ஊசி இல்லாமல் பேசலாம்.

கரூர், 38 வயது: ரெண்டு வருசம் முன்னால கன்னத்துல போட்டது. போன மாசம் வைரஸ் காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் உருண்டையா தட்டுப்படுது.

இப்படி வருவதுண்டு. காய்ச்சலிலோ தடுப்பூசிக்குப் பிறகோ உடம்பின் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படும்போது பழைய ஃபில்லர் இருக்கும் இடம் வீங்கலாம். கோவிட் தடுப்பூசி வந்த சமயத்திலும் சிலருக்குப் பார்த்தோம். நீங்களாக அழுத்தித் தேய்க்க வேண்டாம். தானாக அமரும் வீக்கமா, கிருமித் தொற்றா, கரைக்க வேண்டியதா என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். சிவந்து சூடாக இருந்தால் இன்றே போங்கள். அன்று போட்டது என்ன மருந்து என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

நாமக்கல் பக்கம், 48 வயது: நான் பல வருசமா எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடறவன். உடம்பு நல்லா இருக்கு. கன்னம் ரெண்டும் உள்ளே ஒட்டிப்போச்சு. ஊருல பார்க்கறவங்க முகத்தை வெச்சே ஏதோ பேசறாங்க. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கறோம். இந்த ஊசி எனக்கெல்லாம் போடுவாங்களா?

கட்டாயம் போடலாமுங்க. உங்களைப் போன்றவர்களுக்காகவே அனுமதி பெற்ற ஃபில்லர் உண்டு. பாலி லாக்டிக் அமிலம் என்ற வகைக்கு எஃப்.டி.ஏ. 2004-இல் முதலில் அனுமதி கொடுத்ததே எச்.ஐ.வி. உள்ளவர்களின் கன்னக் குழிவுக்காகத்தான். ஸ்டாவுடின், ஜிடோவுடின் போன்ற பழைய மாத்திரைகள் கன்னக் கொழுப்பைக் கரைத்துவிட்டன. இப்போதைய மாத்திரைகளில் இது மிகவும் குறைவு.

இது போட்ட உடனே நிரம்பாது. சில வார இடைவெளியில் மூன்று நாலு தடவை போட வேண்டியிருக்கும். உங்கள் உடம்பே மெல்ல மெல்லக் கொலாஜனை உண்டாக்கி நிரப்பும், இரண்டு வருடம்போல நிற்கும். கரைக்கும் மருந்து இதற்கு வேலை செய்யாது என்பதால், இந்த வகையைப் போட்டுப் பழகியவரிடம் மட்டுமே போக வேண்டும். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் கடைசியாக எடுத்த சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) அறிக்கைகளைக் கையில் கொண்டு போங்கள். உங்கள் நிலையை மருத்துவர் வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம், 2017-ஆம் வருட எச்.ஐ.வி. சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது.

மகளுக்கு வரன் அமைந்து நாள் குறிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள், ஆறு மாதம் கையில் இருந்தால் நல்லது. போகும்போது பழைய புகைப்படம் ஒன்று எடுத்துப் போங்கள், உங்கள் கல்யாணத்தில் எடுத்ததாக இருந்தாலும் சரி. கன்னம் எப்படி இருந்தது என்று பார்த்து அதே அளவுக்கு நிரப்பச் சொல்லுங்கள்.