இடாப்பைக் கேளுங்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

எங்கள் சிறு நகரத்தில் இரண்டு பாடசாலைகள். ஒன்று தேசிய பாடசாலை. மற்றது மாகாண சபையின் கீழ் உள்ளது, தரம் 11 வரைதான். மகள் இம்முறை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று புள்ளிகளால் தோற்றுவிட்டாள். இரண்டு பாடசாலைகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தவர்கள், பல்கலைக்கழகம் போனவர்கள், ஆங்கில மூலம், திறன்பலகை, பாண்ட் வாத்தியம் என்று எல்லாவற்றிலும் தேசிய பாடசாலையே முன்னால் நிற்கிறது. யாராவது அரசியல்வாதியிடம் கடிதம் வாங்கி அங்கே சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பயமாகவும் இருக்கிறது. எதில் சேர்ப்பது?

ஓர் அம்மா, மட்டக்களப்பு மாவட்டம்

அன்பின் மகள்,

இரண்டு பாடசாலைகளின் பெயர்களையும் எழுதியிருந்தீர்கள். நான் எடுத்துவிட்டேன். சிறிய ஊர், நாளைக்கே சந்தையில் வைத்துக் கேட்பார்கள்.

முதலில் ஏச்சு. பத்து வயதுப் பிள்ளையைத் 'தோற்றுவிட்டாள்' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? இருநூறு புள்ளிக்கு ஒருநாள் எழுதிய பரீட்சை அது. வெட்டுப்புள்ளி என்பது யாருக்கு உதவிப்பணம், யாருக்கு எந்தப் பாடசாலை என்று பிரிக்கப் போட்ட கோடு. அதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. உங்கள் வீட்டில் அந்தச் சொல்லை அவள் காதுபட எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்களோ!

அட்டவணைக்கு வருகிறேன். பாண்ட் வாத்தியம் நல்லதுதான், ஊருக்கே கேட்கும். திறன்பலகை பெரும்பாலும் உறை போட்டபடியே இருப்பதைத்தான் கண்டிருக்கிறேன். ஆங்கில மூலம் என்றால் படிப்பிப்பவர் யார் என்று கேளுங்கள், அது போதும். பல்கலைக்கழகம் பற்றிய பயமும் வேண்டாம். சாதாரண தரம் எழுதியபின் உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போக வழி இருக்கிறது. அங்கே ஐந்தாம் தரப் புள்ளியை ஒருவரும் கேட்பதில்லை.

ஒன்பது ஏ விசயத்தைத்தான் என்னால் விட முடியவில்லை.

இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி மந்திரி கன்னங்கரா காலத்தில் மத்திய பாடசாலைகள் கிராமங்களைத் தேடி வந்தன. வந்தாறுமூலையில் அப்படி எழுந்த பாடசாலையின் வளவில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகம். அத்தகைய பாடசாலைகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க வந்ததுதான் இந்தப் புலமைப்பரிசில். இன்று அது சுளகாகிவிட்டது. ஐந்தாம் தரத்திலேயே புடைத்து, மணியை ஒரு பக்கமும் மிச்சத்தை இன்னொரு பக்கமும் தள்ளிவிடுகிறோம். ஆறு வருடம் கழித்து, மணியை வாங்கிய பாடசாலை 'எங்கள் வயலில் பதரே விளையாது' என்று மதிலில் பதாகை கட்டுகிறது. நீங்கள் அதை வாசித்து அட்டவணை போடுகிறீர்கள்.

அந்தப் பதாகையில் இல்லாத பெயர்களை எண்ண வேண்டும், மகள். அவை இடாப்பில்தான், வகுப்பின் வரவுப் பதிவேட்டில்தான் இருக்கும்.

நான் படித்தது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றில். ஆறாம் வகுப்பில் நாங்கள் 41 பேர். சாதாரண தரம் எழுத மிஞ்சியது 17. எங்கள் இடாப்பில் ஒவ்வொரு தவணையும் ஒன்றிரண்டு பெயர்கள் மேல் சிவப்பு மையால் கோடு விழும். வெள்ளாமை வெட்டப் போனவன், கொழும்பில் கடைக்குப் போனவன், பெரியபிள்ளையாகி வீட்டில் நின்றவள். இரண்டு பேர் எங்கே போனார்கள் என்பது அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கணித சேர் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வருவார். பாதை பிந்தினால் முதல் பாடம் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எட்டாம் வகுப்பில் இரண்டு கிழமையாக வரவில்லை. ஒருநாள் பாடசாலை விட்டதும் சேர் இடாப்பை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கரியரில் கட்டினார். வழி காட்ட என்னையும் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வரம்பில் நின்று இடாப்பை விரித்து, வகுப்பில் கூப்பிடும் அதே குரலில் அவன் பெயரைக் கூப்பிட்டார். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தாக்கத்தியைக் கையில் பிடித்தபடியே அவன் 'வந்திருக்கிறேன் சேர்' என்றான். யாரோ சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து அந்த நாளுக்கு வரவு போட்டார்.

மறுநாள் அவன் வந்தான். ஒரு தவணை வந்தான். பிறகு நின்றுவிட்டான். சேர் இன்னும் இரண்டு தடவை போனார், நடக்கவில்லை. ஆனால் அவன் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட அவருக்கு நெடுநாள் மனம் வரவில்லை.

உயர்தரத்துக்கு நான் அக்கரைக்கு, பெயர் பெற்ற பாடசாலை ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். சாதாரண தரத்தில் சித்தி வீதத்தைக் கெடுப்பார்கள் என்று தோன்றிய ஏழெட்டுப் பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதச் சொன்னார்கள். அந்த வருடம் நூறு வீதம் சித்தி. பதாகையும் கட்டினார்கள். அதைக் கட்ட ஏணி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, இனி ஆசிரியர்கள் நேரத்துக்கு வருவார்கள் என்று எங்கள் ஊரில் சந்தோசப்பட்டோம். வந்தார்கள். அதே பாலத்தால் காலையில் வான் வண்டியில் ஏறிப் பிள்ளைகள் அக்கரைக்குப் போகவும் தொடங்கினார்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் போனவன்தான். ஆனால் போக வசதியில்லாத பிள்ளைகள் மட்டும் மிஞ்சும் வகுப்பறைக்கு 'அந்தப் பள்ளி சரியில்லை' என்று பெயர் வைத்தவர்களும் நாங்களே.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன். சரி. இரண்டு அதிபர்களிடமும் போங்கள். ஐந்து வருடத்துக்கு முன் தரம் 6இல் எத்தனை பேர், இம்முறை சாதாரண தரத்துக்குப் பாடசாலைப் பரீட்சார்த்திகளாக எத்தனை பேர் என்று கேளுங்கள். இடையில் விலகல் பத்திரம் வாங்கி வேறு பாடசாலைக்குப் போனவர்களைக் கழித்துவிட்டு, மிச்சப் பேர் எங்கே என்று கேளுங்கள். ஒரு அதிபர் கோபப்படலாம். ஒருவர் பெயர் பெயராகச் சொல்லலாம். அவர் சிறிய பாடசாலையில் இருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். யார் சொல்கிறாரோ அவரிடம் பிள்ளையைக் கொடுங்கள்.

அந்த அரசியல்வாதியின் கடிதத்தை மட்டும் வாங்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு வகுப்பில் போய் உட்காரப்போவது அவரில்லை, பிள்ளை.

கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுதும்போது அவள் பெயரையும் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்திலும் தேடிவிட்டேன், புள்ளிதான் இருக்கிறது.