பந்தையும் விடாமல், பாடத்தையும் விடாமல்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன் கால்பந்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அந்தக் கவலையில் இரவெல்லாம் உறக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விளையாட்டா, படிப்பா என்ற உங்கள் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் கால்பந்துப் பயிற்சியாளர் கிரெய்க் பிரவுனைப் பற்றிச் சொல்கிறேன். மகனையும் அருகில் உட்காரவைத்துப் படியுங்கள்.

1940இல் பிறந்த பிரவுன், இளம் வயதிலேயே கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தும் முதல் அணியில் இடம் கிடைக்காமல் டண்டீ கிளப்புக்குப் போனார். 1962இல் டண்டீ ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். ஆனால் முழங்கால் காயம் அவரை விடவில்லை. 27 வயதுக்குள் ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்துபோனது. அப்போது அவரைத் தாங்கிப் பிடித்தது ஆசிரியர் தொழில்தான். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராகவும், பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

1977இல் கிளைட் என்ற சிறிய கிளப் அவரை மேலாளராக அழைத்தபோதும் அவர் வேலையை விடவில்லை. சுற்றிலும் நாய்ப் பந்தயத் தடம் ஓடிய ஷாஃபீல்டு மைதானத்தில் ஆடிய பகுதிநேர கிளப் அது. ஆட்டக்காரர்களுக்கும் வேறு பிழைப்பு இருந்தது. பகலில் கல்லூரி, மற்ற நேரத்தில் மைதானம் என்று ஒன்பது ஆண்டுகள் அவர் உழைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். சிறுவயதில் செல்டிக் கிளப் கழித்துவிட்ட பாட் நெவின், கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தபடியே கிளைடில் ஆடி, 1983இல் லண்டனின் செல்சி கிளப்புக்குப் போனதும் பிரவுனின் கண்ணில் பட்டதால்தான்.

1986இல் ஸ்காட்லாந்து தேசிய அணியின் துணைப் பயிற்சியாளரானார். அவருக்கு மேலே இருந்த ஆண்டி ராக்ஸ்பரோவும் முன்னாள் தலைமையாசிரியர் என்பதைக் கவனியுங்கள். 1993இல் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு வந்தது. 1998 ஜூன் 10 அன்று, பாரிஸை அடுத்த செயின்ட் டெனிஸில், உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்துக்கு முன் அவருடைய வீரர்கள் தங்கள் நாட்டுக் கட்டம்போட்ட பாவாடையான கில்ட்டை உடுத்தி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். எதிரே பிரேசில். 2-1 என்று தோற்றாலும், ரொனால்டோ ஆடிய அணியை அன்று திணறவைத்தார்கள்.

ஆகவே மகனிடம் பந்தை விடச் சொல்லாதீர்கள். உடற்கல்விப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதோடு கால்பந்துப் பயிற்சியாளருக்கான ஆரம்பநிலை உரிமத்தையும் வாங்கட்டும். பயிற்சி முடிந்த பிறகு முழங்கால் வீங்குவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பின் மகனோடு நேரில் வாருங்கள், எந்தக் கல்லூரி என்று சேர்ந்து பார்ப்போம்.