ஞாயிறு மாலை ஆறு மணி என்றால் எத்தனை மணி?

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. எட்டு வயது மகன் என்னிடம் இருக்கிறான். 'மாதம் இரு வார இறுதிகளில், இருவருக்கும் வசதியான நேரத்தில் தந்தை அழைத்துச் செல்லலாம்' என்பது உத்தரவு. ஞாயிறு ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்பவர் எட்டரைக்கு வருகிறார். வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கிறது. இரண்டு நாளும் பரோட்டா, மொபைல்தான். ஜீவனாம்சமும் இரண்டு மாதம் பாக்கி. இனி பையனை அனுப்பாமல் நிறுத்திவிடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: நிறுத்தாதீர்கள். பாக்கிப் பணமும் பிள்ளையைப் பார்க்கும் உரிமையும் தனித்தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பிடித்துவைக்க முடியாது. இன்றுவரை குறை சொல்லும் இடத்தில் இருக்கும் நீங்கள், அனுப்ப மறுத்த அன்றே உத்தரவை மீறியவர் ஆகிவிடுவீர்கள்.

பணத்துக்குத் தனி வழி இருக்கிறது. தொகை விவாகரத்துத் தீர்ப்பிலேயே இருந்தால் குடும்பநல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு (தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் மனு) போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின் கீழ் (இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144) தனியாக வாங்கிய ஜீவனாம்ச உத்தரவு என்றால், ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள், பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்கும் மனு போட்டாக வேண்டும். 'அப்புறம் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்' என்று விடுபவர்களுக்குப் பழைய பாக்கியில் இந்த வழி அடைபட்டுப் போகிறது.

இனி தாமதத்துக்கு வருவோம். சண்டையை மூட்டுவது 'இருவருக்கும் வசதியான நேரம்' என்ற மூன்று சொற்கள். வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் இப்படி எழுதிவிடுகிறார்கள். இதை மாற்றலாம். பிள்ளை பற்றிய உத்தரவைத் தீர்ப்புக்குப் பிறகும் திருத்த இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு இடம் தருகிறது. இத்தகைய உத்தரவுகள் நிரந்தரமானவை அல்ல என்று 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் ஒப்புக்கொண்டால் கூட்டு மெமோ (இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் குறிப்பு) தாக்கல் செய்து அதையே உத்தரவாகப் பதிவு செய்யக் கேட்கலாம். வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டால் பின்னால் நிறைவேற்றக் கேட்க முடியாது.

மெமோவில் கிழமையை எண்ணி எழுதுங்கள்: 'இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் மறுநாள் மாலை 6 மணி வரை.' 'இரண்டாவது வாரம்' என்று எழுதினால், மாதம் ஞாயிற்றுக்கிழமையில் பிறக்கும்போது எது இரண்டாவது என்று புதிய தகராறு வரும். போக்குவரத்துக்கு அரை மணி நேரம் சலுகை. அதற்கு மேல் தாமதமானால் முன்கூட்டியே தகவல். வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். ஈடாக வேறு நாள் உண்டா இல்லையா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். 'தீபாவளி' என்று மட்டும் எழுதினால் எண்ணெய்க் குளியல் யார் வீட்டில் என்பதில் இரண்டு பாட்டிகளும் இறங்கிவிடுவார்கள். முந்தின நாள் மாலை 6 முதல் மறுநாள் காலை 10 வரை என்று எல்லை போட்டு, ஒரு வருடம் தீபாவளி உங்களுக்கு, பொங்கல் அவருக்கு, அடுத்த வருடம் மாற்றி என்று வையுங்கள். பையன் உங்களிடம் இருக்கும் நாட்களில் அப்பாவுக்கு ஒரு போன் நேரமும் சேருங்கள். உடன் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடம் பேச வழி வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

வீட்டுப்பாடத்துக்கு ஒரு மாற்று யோசனை. வெள்ளி மாலை அவர் பள்ளியிலிருந்தே அழைத்துப்போய், திங்கள் காலை பள்ளியிலேயே விடட்டும். பையும் டைரியும் அவரோடு போகும், வீட்டுப்பாடம் அவர் பொறுப்பாகும், ஞாயிறு இரவு வாசலில் நிற்கும் சண்டையே இருக்காது. அவருக்கு இரண்டு இரவுகள் கூடுதலாகப் போகும் என்பது உண்மை. அது உறுத்தினால் இந்த ஏற்பாடு வேண்டாம். ஒப்புக்கொண்டால் உத்தரவின் நகலோடு பள்ளிக்குக் கடிதம் கொடுங்கள். அது இல்லாமல் பள்ளி தயங்கும்.

தகவல் பரிமாற ஒரே வாட்ஸ்அப் எண் போதும். ஒரு செய்தியில் ஒரு விஷயம் மட்டும், பழைய கணக்கு எதுவும் வேண்டாம். 'எப்பவும் போல லேட்தானே?' என்பதற்குப் பதில், 'நாளை கணக்குத் தேர்வு. 6 மணிக்குள் விட முடியுமா? மதியம் 2-க்குள் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். 'அப்பாகிட்ட ஃபீஸ் கேளு' என்று பையனைத் தூது அனுப்ப வேண்டாம்; அங்கே என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள் என்று துருவவும் வேண்டாம்.

மாதம் நான்கு நாள் பரோட்டாவால் பிள்ளை கெட்டுவிட மாட்டான், விட்டுவிடுங்கள். மொபைலுக்கு இரு வீட்டுக்கும் ஒரே கால அளவு பேசிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் உங்கள் வீட்டு விதியை மட்டும் காப்பாற்றுங்கள்.

சிலவற்றை மட்டும் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது. நான்கு வயதுக்கு மேல் பைக்கில் பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். காய்ச்சலோடு அனுப்பினால், கடைசியாகப் பாரசிட்டமால் கொடுத்த நேரத்தையும் அளவையும் செய்தியில் அனுப்புங்கள். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டிய மருந்தை, தெரியாமல் இரண்டு வீட்டிலும் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, அடிப்பது, திருப்பி அனுப்ப மறுப்பது எல்லாம் உடனே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவை. பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

அவர் மெமோவுக்கு ஒப்பாவிட்டால் நீங்கள் மட்டுமே திருத்த மனு போடலாம். பெரும்பாலும் முதலில் சமரசப் பேச்சுக்குத்தான் அனுப்புவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு (உதவி எண் 15100). அதுவரை சொன்ன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எதுவும் அழிக்காமல் அந்த போனையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு போனால் வக்கீல் திணறுவார்.