ஐஸ் தொழிற்சாலையின் மோட்டார் அதிர்வை லேசரால் அளக்க முடியுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறோம். அமோனியா கம்ப்ரசரை பெல்ட் மூலம் ஓட்டும் மோட்டாரில் சில வாரங்களாக அதிர்வு கூடியிருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து அழுத்தப்பட்ட வாயு வெளியேறும் டிஸ்சார்ஜ் பைப்பும் ஆடுகிறது. சூட்டில் அதைத் தொட முடியவில்லை. லேசர் பாயின்டரும் சோலார் செல்லும் இருந்தால் எட்ட நின்றே அதிர்வை அளக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? அல்லது பெரிய லேசர் கருவியை வாடகைக்கு வரவழைக்க வேண்டுமா? மோட்டார் நிமிடத்துக்கு 1,460 சுற்று, கம்ப்ரசர் 600 சுற்று.

பதில்: காணொளி பொய் சொல்லவில்லை; பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. பாயின்டரும் சோலார் செல்லும், மோட்டார் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று காட்டும். எவ்வளவு பலமாக அதிர்கிறது என்பதை நம்பும்படி காட்டாது. நோய் எது என்று அறிய முதல் விடையே போதும் என்பதால், செய்து பாருங்கள்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, பேரிங் கூட்டின்மேல் நகம் அகலத்துக்கு ஒரு முகக்கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். மூன்று மீட்டர் தள்ளி, முக்காலியில் பாயின்டரைக் கட்டி, ஒளியைக் கண்ணாடியில் விழச் செய்யுங்கள். திரும்பி வரும் ஒளிப்பொட்டு சோலார் செல்லின்மேல் விழ வேண்டும். செல்லின் பாதியைக் கறுப்பு டேப்பால் மூடி, பொட்டு சரியாக டேப்பின் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்குமாறு வையுங்கள். காணொளிகள் பெரும்பாலும் விட்டுவிடும் நுணுக்கம் இதுதான். விளிம்பு இல்லாவிட்டால் பொட்டு எங்கே ஆடினாலும் செல்லுக்கு ஒரே அளவு ஒளிதான் கிடைக்கும். விளிம்பு இருந்தால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மின்னழுத்தம் ஏறி இறங்கும். செல்லின் இரு முனைகளுக்கு இடையே 1,000 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, கணினியின் மைக் துளையில் இணைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே அதிர்வெண் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்துவிடும்.

கண்ணாடி சிறிது சாய்ந்தால் ஒளி அதைப்போல் இரு மடங்கு சாயும். பத்தாயிரத்தில் ஒரு ரேடியன் (ஏறத்தாழ 0.006 டிகிரி) சாய்ந்தால்கூட மூன்று மீட்டரில் பொட்டு 0.6 மி.மீ. நகரும். ஆனால் நீங்கள் பார்ப்பது சாய்வை. மோட்டார் சாயாமல் நேராக முன்னும் பின்னும் ஆடினால் இந்தக் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தவறவிடும். அளவைப் பற்றி நான் கை விரித்தது இதனால்தான்.

வரைபடத்தில் எதைத் தேடுவது? மோட்டார் நொடிக்கு 24.3 முறை சுற்றுகிறது, அதாவது 24.3 ஹெர்ட்ஸ். அங்கே உயரமான கோடு இருந்தால் புல்லியின் சமநிலைக் குறைவு, அச்சு வளைவு, புல்லி கோணல் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அதன் மடங்குகள் வரிசையாக எழுந்தால் முதலில் பவுண்டேஷன் போல்ட்டுகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை தேய்வதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. 10 ஹெர்ட்ஸும் 20 ஹெர்ட்ஸும் கம்ப்ரசருடையவை. பிஸ்டன் உள்ள இயந்திரத்தில் அவை ஓரளவு இருந்தே தீரும். பெல்ட்டின் குறை இவற்றுக்கும் கீழே ஒளிந்திருக்கும்: மோட்டார் புல்லி 200 மி.மீ., பெல்ட் நீளம் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெல்ட் நொடிக்கு 4.4 முறை சுற்றி வருகிறது. மைக் துளைகள் பல 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மங்கலாகவே கேட்கும். ஆகவே 4.4-ஐத் தேடி ஏமாறாமல் அதன் மடங்குகளையும் பாருங்கள்.

100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு பெரும்பாலும் தெரியும். பதற வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. லேசரைக் கையால் மறையுங்கள். கோடு அப்படியே நின்றால் அது விளக்கு. மறைந்தால்தான் மோட்டாரின் விஷயம்.

இதைவிடப் பெரிய பொறி தரை. ஒரு ஆலையில் அரை நாள் முழுக்க அருமையான 24 ஹெர்ட்ஸ் கோட்டைப் பதிவு செய்து மகிழ்ந்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, ஆடியது என் முக்காலி. லேசருக்குத் தெரிவது தனக்கும் இலக்குக்கும் இடையிலான அசைவு மட்டுமே. முக்காலியைக் கதவுக்கு வெளியே, மண்தரையில் வையுங்கள். அதன் பக்கத்திலேயே அசையாத கல் ஒன்றில் இன்னொரு கண்ணாடியை ஒட்டி அதையும் பதிவு செய்யுங்கள். அங்கேயும் வரும் கோடுகள் உங்கள் முக்காலியுடையவை.

இனி பெரிய கருவி. லேசர் டாப்ளர் அதிர்வுமானி கண்ணாடியை நம்புவதில்லை. பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தை அளக்கிறது. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர், ஒளி நொடிக்கு ஏறத்தாழ 4.74 கோடி கோடி முறை அதிர்கிறது. பரப்பு நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் நகர்ந்தால் அதில் வரும் மாற்றம் வெறும் 3,160 ஹெர்ட்ஸ். அவ்வளவு வேகமான ஒளியில் இவ்வளவு சிறு மாற்றத்தை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக எண்ண முடியாது. சுருதி சற்றே விலகிய இரண்டு தம்புராத் தந்திகளைச் சேர்த்து மீட்டினால் விம்மல் கேட்கிறதல்லவா, அதுபோல் போன ஒளியையும் வந்த ஒளியையும் கலந்து விம்மலை எண்ணுகிறார்கள். வரும் திசையும் போகும் திசையும் குழம்பாதிருக்க, ஒரு கதிரை முன்கூட்டியே பல கருவிகளில் 4 கோடி ஹெர்ட்ஸ் நகர்த்திவைக்கிறார்கள். அருமையான பொறியியல், விலையும் அப்படியே.

மோட்டாருக்காக அதை அழைக்காதீர்கள். பேரிங் கூட்டைக் கை தொட முடிகிறபோது, காந்தத்தில் ஒட்டும் சாதாரண அதிர்வு உணரியே போதும். தரையின் ஆட்டம் அதைக் குழப்புவதும் குறைவு. 15 முதல் 75 கிலோவாட் மோட்டார்களுக்கு ஐஎஸ்ஓ 10816-1 என்ற சர்வதேசத் தரம் (2016-இல் ஐஎஸ்ஓ 20816-1 அதன் இடத்துக்கு வந்தது) தந்த பொது வழிகாட்டலின்படி, அதிர்வின் வேகம் நொடிக்கு 2.8 மி.மீ.க்கு மேல் போனால் கவனம் வேண்டும், 7.1-ஐத் தாண்டினால் ஓட்டக் கூடாது. கம்ப்ரசருக்கு இந்த எண்களைப் பொருத்தாதீர்கள்; பிஸ்டன் இயந்திரங்களுக்குத் தனி வரம்பு உண்டு.

லேசர் தன் கூலிக்கு ஈடு கொடுப்பது அந்தச் சூடான டிஸ்சார்ஜ் பைப்பில்தான். வரவழைத்தால், லாரிகளின் பின்புறம் ஒட்டும் ஒளிர்தாள் துண்டுகளைக் குளிர்ந்திருக்கும்போதே பைப்பில் ஒட்டிவையுங்கள். திரும்பும் ஒளி பெருகும். ஐஸ் கட்டிகளின் மேல் எழும் புகை கதிரின் குறுக்கே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயின்டர் 1 மில்லிவாட்டுக்குக் குறைந்த சிவப்பாக இருக்கட்டும். கதிரும் அதன் எதிரொளியும் கண் மட்டத்தில் போகக் கூடாது. பெல்ட் மூடியை ஓடும்போது கழற்றாதீர்கள்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி 61 நாள் வேலை குறையும் முன்பே ஒரு பதிவு எடுங்கள். முக்காலிக் கால்கள் நின்ற இடத்தில் பெயின்ட்டால் குறியிட்டு, கண்ணாடியை அப்படியே விட்டுவையுங்கள். போல்ட், புல்லி வேலைகளைத் தடைக்காலத்தில் முடித்து, ஜூனில் அதே குறியில் நின்று மறுபடி பதிவு செய்தால் எந்தக் கோடு இறங்கியது என்று தெரிந்துவிடும்.