வால்வுக்கு அடியில் எரியும் விளக்கு: வாங்குவோர் கேள்வி-பதில்

ஹெட்ஃபோனுக்கான ஹைபிரிட் வால்வு ஆம்ப்ளிஃபையரை, அதாவது பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வும் இக்கால டிரான்சிஸ்டரும் சேர்ந்து ஒலியைப் பெருக்கும் கருவியைப் பற்றிச் சென்ற முறை போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசையை நிரப்பிவிட்டன. இந்த முறை வேறு பொருளுக்கு இடமில்லை. கடிதங்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஹைபிரிட் என்கிறார்களே, அதில் வால்வு என்ன வேலை செய்கிறது? என்னிடம் இருப்பது கைப்பேசியோடு வந்த இயர்ஃபோன். வாங்கலாமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கைப்பேசியோடு வரும் இயர்ஃபோன் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம் மின்தடை கொண்டது. கைப்பேசி தரும் சிறு மின்சாரத்திலேயே போதிய அளவு உரக்கப் பாடிவிடும். அதை இத்தகைய ஆம்ப்ளிஃபையரில் செருகினால் பாட்டுக்குப் பின்னால் உஸ் என்ற இரைச்சல்தான் கூடுதலாகக் கேட்கும்.

இனி முதல் கேள்வி. உள்ளே வரும் ஒலி சிக்னலின் வோல்டேஜை வால்வு உயர்த்துகிறது. அதற்கடுத்து நிற்கும் டிரான்சிஸ்டரோ, அதன் ஒரு வகையான மாஸ்ஃபெட்டோ, ஐ.சி. என்னும் சில்லோ ஹெட்ஃபோனை இயக்கத் தேவையான கரன்ட்டைக் கொடுக்கிறது. சிறிய வால்வால் கரன்ட்டை அள்ளிக் கொடுக்க இயலாது என்பதால்தான் முழு வால்வுக் கருவிகளில் கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை வைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத முழு வால்வுக் கருவிகள் 300 ஓம், 600 ஓம் போன்ற ஹெட்ஃபோன்களுக்கே நன்கு பொருந்துகின்றன. ஹைபிரிட் கருவியில் அந்தக் கனமும் இல்லை, அந்த விலையும் இல்லை. வால்வு ஒலியோடு சேர்க்கும் சிறிய திரிபு பலருக்கு இதமாக இருக்கிறது. வீணை கேட்கும்போது எனக்கும் பிடிக்கிறது. ஆனால் அது திரிபுதான். அதைத் துல்லியம் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். நல்ல ஹெட்ஃபோன் வாங்கிய பிறகு இந்தக் கேள்வியை மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: என் ஆம்ப்ளிஃபையரின் வால்வு நீல நிறத்தில் எரிகிறது. நண்பனுடையது ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. எது உயர்ந்த வால்வு? (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: நீங்கள் பார்ப்பது வால்வின் ஒளியே அன்று. இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல நாளாகக் காத்திருந்தேன், ஆகையால் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்வுக்குள் ஹீட்டர் என்றொரு மெல்லிய இழை இருக்கிறது. அது சூடேறும்போது மங்கிய ஆரஞ்சு நிறத்தில் கனலும். விரல் அளவுள்ள வால்வில் அதைக் காண வேண்டுமானால் அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். பெரிய பவர் வால்வுகளில் கண்ணாடிச் சுவரை ஒட்டி மெல்லிய நீலம் படர்வதுண்டு. ஆனால் உங்கள் மேசையில் இருப்பதைப் போன்ற சிறிய வால்வில், கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சியடிக்கும் நீலம், சாக்கெட்டின் நடுத் துளையில் செருகப்பட்ட எல்.இ.டி.யின் கைங்கரியம். நண்பனுடைய ஆரஞ்சும் பெரும்பாலும் அப்படித்தான்.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். இணையத்தில் படத்தைப் பார்த்து, இருட்டில் கனலும் அந்த ஆரஞ்சு நிறத்துக்காகவே ஒரு கருவியை வாங்கினேன். ஐந்தாம் மாதம் இடது காதில் ஒலி நின்றுபோனது. இரண்டு வால்வுகளும் முன்போலவே ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஐயம் வந்து, கருவியை அணைத்து ஆறவிட்டு, இடது வால்வைப் பிடுங்கி வைத்துவிட்டு மீண்டும் இயக்கினேன். வால்வே இல்லாத வெறும் சாக்கெட்டிலிருந்து அதே ஆரஞ்சு வெளிச்சம் கூரை வரை அடித்தது. அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், மிளகளவு எல்.இ.டி. இரண்டு. செத்த வால்வுக்கு நான் ஒவ்வோர் இரவும் அறை விளக்கை அணைத்து மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

எல்.இ.டி. வைப்பதில் குற்றமில்லை. எங்கள் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவிலும் டயலுக்குப் பின்னால் ஒரு பல்பு எரிந்தது. அது முள் எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்காக எரிந்தது, சங்கீதத்தின் வெளிச்சம் என்று அதை எவரும் விற்கவில்லை. என் மனத்தாங்கல் வேறு. வெளிச்சத்துக்குச் செலவிட்ட கவனத்தில் பாதியைக்கூட வால்வுக்கு ஊட்ட வேண்டிய மின்சாரத்தில் இவர்கள் செலவிடுவதில்லை. 12ஏயூ7 என்னும் வால்வின் தரவுத்தாளை எடுத்துப் பார்த்தால், பிளேட்டுக்கு (வால்வுக்குள் எலெக்ட்ரான்களை ஈர்க்கும் தகட்டுக்கு) 100 வோல்ட், 250 வோல்ட் என்ற அளவுகளில்தான் அதன் இயல்பான இயக்கம் காட்டப்பட்டிருக்கும். மலிவான கருவிகள் பலவற்றில் அதே வால்வு 12 அல்லது 24 வோல்ட்டில் அரைப்பட்டினி கிடக்கிறது. குறைந்த வோல்டேஜிலும் கவனமாக வடிவமைத்து நன்றாகப் பாட வைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. அப்படிச் செய்தவர்கள் அதை மறைக்காமல் எழுதியும் வைக்கிறார்கள். பிளேட்டுக்கு எத்தனை வோல்ட், உங்களிடமுள்ள ஹெட்ஃபோனின் ஓம் அளவில் எத்தனை மில்லிவாட் என்ற இரண்டையும் விற்பவரிடம் கேளுங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் பவர் பெரும்பாலும் 32 ஓமுக்கான கணக்கு. 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு அந்த எண் உதவாது.

கேள்வி: மழையில் அடாப்டர் நனைந்து கெட்டுவிட்டது. முள் பொருந்தியதால் பழைய லேப்டாப் சார்ஜரைச் செருகினேன். பத்து நிமிடம் நன்றாகப் பாடியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். கருவியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. வாரன்டியில் கேட்கலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: கேட்கலாம், கிடைக்காது. 12 வோல்ட் என்று எழுதியிருப்பதை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 19 வோல்ட்டை ஒட்டித் தருபவை. 12 வோல்ட் கருவியில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் 16 வோல்ட் தாங்குபவையாகவே பெரும்பாலும் இருக்கும். நீங்கள் கேட்ட டப் அவற்றில் ஒன்று வெடித்த சத்தமாக இருக்கலாம். முள் பொருந்துவது பொருத்தமாகாது. வோல்ட், ஆம்பியர், ஏ.சி.யா டி.சி.யா, டி.சி.யானால் நடுமுள் நேர்முனையா எதிர்முனையா என்ற நான்கையும் பார்த்த பிறகே எந்த அடாப்டரையும் செருக வேண்டும். சில வால்வுக் கருவிகளுக்கு ஏ.சி. வெளியிடும் அடாப்டர்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். புது அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். இத்தகைய அடாப்டர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம்.

கேள்வி: அமெரிக்காவிலிருக்கும் மகன் என் எழுபதாவது பிறந்தநாளுக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று அனுப்பியிருக்கிறான். இன்னும் மின்சாரத்தில் செருகவில்லை. பயமாக இருக்கிறது. (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஐயா, நீங்கள் பயந்தது நல்லதாயிற்று. அடாப்டரின் முதுகில் இன்புட் என்ற வரியைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் முள்ளுக்கு மட்டும் ஒரு மாற்றுச் செருகியை வாங்கி நிம்மதியாகப் பயன்படுத்தலாம். 115 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. அதே வெளியீட்டைத் தரும் 230 வோல்ட் அடாப்டரை அந்நிறுவனத்திடமிருந்தே வாங்கி அனுப்பும்படி மகனிடம் சொல்லுங்கள். பாட்டுக் கேட்கும்போது முதலில் கருவியை இயக்கி, ஒரு நிமிடம் விட்டு, அதன் பிறகு ஹெட்ஃபோனைச் செருகுங்கள். வால்வு சூடேறும் நேரத்தில் சில கருவிகள் ஹெட்ஃபோனுக்குள் ஓர் அடி அடிக்கும். நல்ல கருவியில் அதற்காகவே ரிலே என்னும் தானியங்கி ஸ்விட்ச் இருக்கும். சற்று நேரம் கழித்துக் க்ளிக் என்று கேட்டால் அதுதான்.

கேள்வி: லேப்டாப்போடு இணைத்தால் உர்ரென்று இரைகிறது. கைப்பேசியோடு இணைத்தால் இரைச்சல் இல்லை. ஆம்ப்ளிஃபையரைத் திருப்பித் தரலாமா? (வாசகி, பண்ருட்டி)

பதில்: ஆம்ப்ளிஃபையர் மேல் குற்றமில்லை. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சார்ஜர் வழியே வரும் எர்த் தகராறு. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள். எர்த் முள்ளை உடைத்துவிடும்படி யாராவது யோசனை சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். இப்போது கருவி ஓடவில்லை, கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால்தானே அங்கே போய் வாங்கினேன்? (வாசகர், கடலூர்)

பதில்: புதுச்சேரியில் வரி குறைவு என்பது 2017 ஜூலைக்கு முந்தைய கதை. ஜி.எஸ்.டி. வந்த பிறகு பொருளுக்குப் பொருள் வரி விகிதம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண் கடலூரில் 33 என்றும் புதுச்சேரியில் 34 என்றும் தொடங்கும், வேறுபாடு அவ்வளவுதான். பில் கொடுக்க மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் உங்கள் விஷயத்தில் அவர் மறுக்கவில்லை, நீங்கள் வேண்டாமென்றீர்கள். பணத்தைக் கைப்பேசி வழியே செலுத்தியிருந்தால் அந்தப் பதிவோடு போய் மீண்டும் ஒருமுறை பேசிப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி: மகாத்மா காந்தி சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சோவியத் வால்வு என்று ஒன்று கிடைத்தது. ஒன்பது கால், என் ஆம்ப்ளிஃபையரின் சாக்கெட்டும் ஒன்பது துளை. மாட்டலாமா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: காலை எண்ணி வால்வு மாட்டக் கூடாது. 12ஏயூ7க்கும் 6922 என்னும் வால்வுக்கும் ஒரே ஒன்பது கால்தான். ஆனால் முதலாவதன் ஹீட்டரை 12.6 வோல்ட்டிலும் இயக்கலாம், இரண்டாவதற்கு 6.3 வோல்ட்தான். 12.6 வோல்ட் வரும் சாக்கெட்டில் 6922ஐ வைத்தால் விரைவிலேயே கதை முடிந்துவிடும். 6என்3 என்னும் வால்வுக்கும் ஒன்பது கால். அதில் ஹீட்டர் வேறு கால்களில் இருக்கிறது. உங்கள் கருவியின் கையேட்டில் மாற்றாக எழுதப்பட்ட எண்களை மட்டும் மாட்டுங்கள். சோவியத் வால்வா என்பதைப் பொறுத்தவரை, நானும் அப்படி ஒரு ஜோடி வாங்கினேன். துடைப்பதற்காக ஈரத்துணியை எடுத்தேன், பெயரும் ஆண்டும் துணியோடு வந்துவிட்டன. பழைய அச்சும் சில வேளை அழியும் என்பதால் அதை வைத்து மட்டும் போலி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அடியில் தெரிந்த இன்னொரு நாட்டின் பெயர்தான் தீர்ப்பைச் சொன்னது.

கேள்வி: துறைமுகத்துக்கு அருகில் வீடு. வலது காதில் கரகரவென்று கேட்கிறது. புது வால்வு வாங்கட்டுமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: இன்னும் வாங்காதீர்கள். கருவியை அணைத்து ஆறவிட்டு, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கரகரப்பு இடது காதுக்குப் போனால் வால்வு பழுது. வலது காதிலேயே நின்றால் சாக்கெட்டோ மற்ற பாகமோ பழுது. உப்புக்காற்றில் கால்கள் கறுத்துப்போவது உங்கள் பகுதியில் வாடிக்கை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுக் கால்களைத் துடைத்து, காய்ந்த பிறகு நாலைந்து முறை செருகி எடுத்தாலே பாதிப் பழுது தீரும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கருவி நான்காம் நாளே ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. வால்வு தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதமில்லை என்று திரும்பத் திரும்ப ஒரே பதிலை அனுப்புகிறார்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: அம்மா, நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. சிறிய வால்வுகள் சில ஆயிரம் மணி நேரம் உழைப்பவை. நான்கு நாளில் செத்தால் அது தேய்மானமாகாது, குறைபாடுள்ள பொருளே. அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே வழக்குத் தொடுக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஊமையான பக்கத்தை, வால்வுகளை இடம் மாற்றிக் காட்டி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பெட்டியையும், உள்ளே வந்த தெர்மாகோலையும், பெட்டியின் மேலிருக்கும் முகவரி ஒட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் முடிந்ததும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.