‘செல்லுக்குள்ள என்ன நடக்குன்னு பாக்கணுமாம்’: அம்பாசமுத்திரம் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

“மவ டாக்டருக்குப் படிப்பான்னு பாத்தா, செல்லுக்குள்ள என்ன நடக்குன்னு பாக்கணும்ங்கா. செல்போன் கடை வைக்கப் போறாளோன்னு பயந்துட்டேன்” என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். அடுத்த வரியில் சிரிப்பு இல்லை: “இதுல சோறு உண்டா?”

உண்டு. ஆனால் பந்தியில் கடைசியாகத்தான் இலை விழும். அதைச் சொல்லுமுன், பிள்ளை எதைப் பார்த்து மயங்கினாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் வீடியோவில் பார்த்தது டி செல் என்கிற வெள்ளையணு. சும்மா இருக்கும்போது அதன் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஏழெட்டுப் பங்குதான். உள்ளே முக்கால்வாசி உட்கருவே அடைத்திருக்கும். நுங்குக்கு மேலே இருக்கிற தோல் கனத்துக்குத்தான் மற்றதெல்லாம். இந்தச் செல் ஒரு புற்றுச் செல்லையோ கிருமி புகுந்த செல்லையோ தொட்டு, ‘இது சரியில்லை’ என்று கண்டுகொண்டால், சில நிமிடங்களில் உள்வீட்டையே மாற்றிப் போடும்.

நெல்லையப்பர் ஆனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் தேர் இருக்கும் இடத்தில் சென்ட்ரோசோம் என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நாலா பக்கமும் நுண்குழல்கள் வடம் மாதிரி நீண்டு கிடக்கும். எதிரியைத் தொட்ட இடத்தில் டைனீன் என்ற புரதங்கள் வடத்தின் நுனியைப் பிடித்து இழுக்க, சென்ட்ரோசோம் அந்தத் திசைக்கு வந்து நிற்கும். ஒரு வித்தியாசம். நம் ரத வீதியில் இழுத்து முடித்த பிறகும் வடம் அப்படியே கிடக்கும். அங்கே இழுக்க இழுக்க வடமே நுனியில் கரைந்து குட்டையாகும். தொட்ட இடத்தின் நடுவிலிருந்த ஆக்டின் என்ற புரத இழைகள், தேர் வரும்போது கூட்டம் விலகுவது போல ஓரத்துக்குப் போய் வளையமாக நிற்கும். அந்த இடைவெளிக்கு நேராக நச்சுப் பைகள் வந்து சேரும். அவற்றிலிருக்கும் பெர்ஃபோரின் என்ற புரதம் எதிரியின் சவ்வில் துளை போட, கிரான்சைம் என்ற இன்னொரு புரதம் உள்ளே போய் வேலையை முடிக்கும். பக்கத்துச் செல்லுக்குச் சேதாரம் கிடையாது. இவ்வளவு பாடும் அதற்காகத்தான்.

முதல் தடவை விழிக்கும் டி செல்லுக்கு இன்னும் நிறைய வேலை. சுருண்டு கிடந்த டிஎன்ஏ தளர்ந்து, புரதம் செய்கிற ரைபோசோம்கள் பெருகி, சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்று, ஒரு நாளில் ஆளே பருத்துவிடும். அப்புறம்தான் ஒன்று இரண்டாகப் பிரியத் தொடங்கும்.

சரி, இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் சம்பளம் கொடுப்பார்? 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, விழிக்கவைத்து, புதிய மரபணு ஏற்றி, வளர்த்து, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். சிலவகை ரத்தப் புற்றுக்கு இது மருந்து. அந்தச் செல் சரியாக விழித்ததா, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க ஆள் வேண்டும். தடுப்பூசிக் கம்பெனிகளிலும் இதே கைவேலை தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள்.

வழி என்ன என்றால், பிள்ளை முதல் குரூப் என்பதால் நீட்டோடு, ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, மூன்று மணி நேரம். ஏழு ஐசர்களில் ஒன்று திருவனந்தபுரம் மாவட்டம் விதுராவில் இருக்கிறது. உங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற பொதிகைக்கு அந்தப் பக்கம்தான். ஐந்து வருடப் படிப்பு. அது கிடைக்கவில்லையென்றால் பாளையங்கோட்டையில் மூன்று வருடம் நுண்ணுயிரியலோ விலங்கியலோ படித்துவிட்டு, முதுகலைக்கு காட்-பி அல்லது ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் ரத்தப் பரிசோதனை நிலையச் சம்பளம்தான். உங்கள் கடைப் பையனுக்குக் கொடுப்பதைவிட அதிகம் இருக்காது. முனைவர் பட்டம் வரை போகிறவளுக்கு, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வருகிறது. அதற்குள் அவளுக்கு 23 வயதாகியிருக்கும். பட்டம் கையில் வர இன்னும் ஐந்தாறு வருடம். “கல்யாணத்தை எப்ப வைக்க?” என்று உங்கள் மதினி கேட்பார்கள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

கல்லூரி விஷயத்தில் நான் ஒரு தடவை சறுக்கியிருக்கிறேன். பயோடெக் என்ற பெயரை நம்பி ஒரு பையனை ஒரு தனியார் கல்லூரிக்கு அனுப்பினேன். மூன்று வருடத்தில் செல் வளர்க்கும் அறையை அவன் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தான். அதிலிருந்து, எங்கே சேர்ப்பதானாலும் ஆய்வகத்துக்குள் போய், “இதை மாணவர்கள் கையால் தொடுவார்களா?” என்று கேட்கச் சொல்கிறேன். பாடத்தின் பெயர் அப்புறம்.

நீட்டுக்கு மறுபடி ஒரு வருடம் உட்காரவைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவளே கேட்டால் வையுங்கள். உங்களுக்காக வேண்டாம்.

இந்த ஆசை வீடியோ ஆசைதானோ என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. சோதித்துவிடலாம். தேர்வெல்லாம் முடிந்ததும் இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றி, இணையத்தில் கிடைக்கும் செல் படங்களை எடுத்து, 200 செல்களின் உட்கருவை ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். எள்ளில் கல் பொறுக்குகிற வேலை மாதிரி. இந்தத் துறையில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் போகும். மூன்றாம் நாள் மூடிவைத்தால் கலந்தாய்வுக்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். “இந்த 17 மட்டும் ஏம்ப்பா பெருசா இருக்கு?” என்று உங்களிடம் வந்து கேட்டால், எனக்கு உடனே போன் போடுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவளை அழைத்து வாருங்கள். எல்லா மார்க்கும் எழுதிய நீங்கள் கணக்கு மார்க்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். அரையாண்டுக் கணக்கு விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐசர் பேச்சை அதைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.